சிற்பியைக் கல்தொண்டர் என்பார் உண்டோ?

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்துக் கூறாத மேடை மலேசியத் தமிழரிடையே இல்லை. பேச்சைத் தொடங்குவோர் முத்தமிழுக்கு வணக்கம் கூறித் தொடங்குவர். முடிப்போர் முத்தமிழ் வாழ்க என்று முடிப்பர். ஆயின், அதே விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்து நோக்கினால் வேறொரு வகுப்புமுறை புலப்படும். 'கலை நிகழ்ச்சி' என்ற தலைப்பின்கீழ் ஆடலும் பாடலும் இருக்கும். சில வேளைகளில் ஓரங்க நாடகம் ஒன்றும் இருக்கும். எழுத்தாளனின் பெயர் அத்தலைப்பின்கீழ் இராது. அதற்கு முன்னதாக, 'சிறப்புச் செய்தல்' என்ற பகுதியில் இருக்கும். அவனுக்குப் பொன்னாடை போர்த்துவர், மாலை சூட்டுவர், மொழித்தொண்டர் என்பர். அவன் எழுதியவற்றுள் ஒரு பத்தியேனும் அம்மேடையில் படிக்கப்படுவதில்லை. ஆடுபவளை ஆடச் செய்து பார்த்தவர்கள், பாடுபவனைப் பாடச் செய்து கேட்டவர்கள், எழுதுபவனை மட்டும் அவன் எழுதியதைக் கேளாமலே போற்றி அனுப்பிவிடுகின்றனர்.

இதனை விழா ஏற்பாட்டாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றனர். அந்நல்லெண்ணத்தின் அடியில் ஒரு கொள்கை படுத்திருக்கிறது. ஆடலும் பாடலும் கலைகள். இலக்கியமோ மொழியைக் காக்கும் பணி என்பதே அக்கொள்கை. யாரும் அதனை வெளிப்படையாக மொழிவதில்லை. ஆயினும் பரிசளிப்பிலும், நூல் வெளியீட்டிலும், பள்ளிப் பாடத்திலும் அதுவே ஆட்சி செய்கிறது. அக்கொள்கை பிழையானது. அப்பிழையால் மலேசியத் தமிழிலக்கியம் அடைந்துள்ள இழப்பும் சிறிதன்று.

ஒவ்வொரு கலைக்கும் மூலப்பொருள் ஒன்று உண்டு. சிற்பிக்குக் கல், ஓவியனுக்கு வண்ணம், பாடகனுக்குக் குரல், ஆடுவோர்க்கு உடல், எழுத்தாளனுக்கு மொழி. மாமல்லபுரத்துப் பாறைமுகத்தில் யானைகளையும் தவசிகளையும் செதுக்கியவர்களைக் கல்தொண்டர் என்று எந்த வரலாற்றாசிரியரும் அழைத்ததில்லை. கருங்கல்லுக்கு அவர்கள் ஆற்றிய அரும்பணிக்காக எவரும் விழா எடுத்ததுமில்லை. கல்லை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. கல் அங்கே யானையாயிற்று; அந்த யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் விளையாடுகின்றன; ஓரத்தில் ஒரு பூனை முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது; காண்போர் முகத்தில் நகை அரும்புகிறது. நகைப்பூட்டும் ஆற்றல் கல்லுக்கு இல்லை. அதனைக் கல்லில் வைத்தவன் சிற்பி. இங்ஙனமே, ஒருவன் சொல்லை என்ன செய்தான் என்பதைக் கொண்டே அவன் எழுத்தாளனா அல்லனா என்று தீர்ப்புக் கூற வேண்டும். சொல்லைக் கையில் எடுத்தான் என்பது மட்டுமே போதுமென்றால், விளம்பரப் பலகை எழுதுவோரும் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளரும் எழுத்தாளர் வரிசையில் அமரத் தக்கவர்களே. சில சங்கங்களில் அவர்கள் அமர்ந்திருக்கவும் செய்கின்றனர் என்பது வேறு செய்தி.

ஏனைய கலைகளுக்கு நேராத இக்குழப்பம் இலக்கியத்திற்கு மட்டும் ஏன் நேர்ந்தது? காரணம் உண்டு. கல்லைக் கொண்டு எவரும் கடையில் விலை பேசுவதில்லை. வண்ணத்தைக் கொண்டு பிள்ளையைக் கடிந்துகொள்வதில்லை. மொழியோ அனைவர் வாயிலும் நாள்தோறும் புழங்குவது. உப்பு வாங்கவும் அதுவே. உயில் எழுதவும் அதுவே. காப்பியம் பாடவும் அதுவே. பொதுக்கிணற்று நீரைப்போல் எல்லாரும் எடுத்தாளும் ஒன்றைக் கொண்டு தனிக் கலை ஒன்று செய்யப்படுகிறது என்பது எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அன்றியும், மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சம் ஒரு சமூகத்தைப் பற்றிக்கொண்டால், அம்மொழியில் எழுதப்பட்ட எதுவும் காப்பு மருந்தாகவே தோன்றும். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் அவ்வச்சம் நீங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து, சிறு பள்ளிகள் பல மாணவரின்றித் தவித்ததைக் கண்டவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அச்சம் நேர்மையானதே. ஆயினும் அச்சம் ஒருபோதும் நல்ல நடுவராக இருந்ததில்லை.

கலைகளுள் இலக்கியத்தின் இடம் எது என்று மேலைநாட்டு அறிஞர்களும் நெடுங்காலமாக வினவி வந்துள்ளனர். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் கவிஞர்களை நாட்டின் எல்லைக்கு அப்பால் அனுப்பினார். ஜெர்மானிய அறிஞர் காண்ட் 1790-இல் வெளிவந்த தம் நூலில் கவிதைக்கே முதலிடம் தந்தார். அவருக்குப்பின் வந்த ஹெகல், கட்டடம், சிற்பம், ஓவியம், இசை என்று படியேறிச் சென்று உச்சியில் கவிதையை அமர்த்தினார். 1877-இல் ஆங்கிலேயராகிய வால்ட்டர் பேட்டர், எல்லாக் கலைகளும் இசையின் நிலையை எட்டவே முயல்கின்றன என்று எழுதிக் கவிதையைக் கீழே இறக்கினார். ஒருவர் நாடு கடத்த, இருவர் அரியணை ஏற்ற, நான்காமவர் இறக்கிவிட்ட இவ்வரலாறு, விழா மேடையில் யார் எந்த நாற்காலியில் அமர்வது என்ற வழக்கைப் பெரிதும் ஒத்தது. இலக்கியம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதன்று இங்கு எழும் வினா. அது கலைகளின் அவையில் இருக்கிறதா, அல்லது வெளியே பொன்னாடையுடன் காத்திருக்கிறதா என்பதே வினா.

தமிழ் மரபு இதற்குத் தந்த விடையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்தால் போதும். ஏழாண்டுக் காலம் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். அவளை உருவாக்கிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகிறார். முதலில் ஆடலாசிரியன், அடுத்து இசையாசிரியன், மூன்றாவதாகக் கவிஞன், அவனுக்குப்பின் தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். கவிஞனை அடிகள் தனி மேடையில் ஏற்றவில்லை, கீழே இறக்கவுமில்லை. இசையாசிரியனுக்கும் மத்தளம் முழக்குவோனுக்கும் இடையில், வேலை செய்யும் இடத்தில் நிறுத்தினார்.

அவனுக்கு வகுத்த தகுதிகளும் கருதத் தக்கவை. தமிழ் முழுவதும் அறிந்தவனாக அவன் இருக்க வேண்டும் என்பது முதல் தகுதி. இன்றைய மேடைகள் அத்துடன் நின்றுவிடுகின்றன. அடிகள் நிற்கவில்லை. அரசர்க்காடும் கூத்து, பொதுமக்களுக்காடும் கூத்து என்னும் இருவகைக்கும் உரிய நாட்டிய நூல்களை அவன் கடைப்பிடிக்க வேண்டும். இசையோன் அமைத்த தாளப் போக்கை உணர்ந்து, அது சிதையாதவாறு சொல்லை வைக்க வேண்டும். மாற்றார் கூறிய வசைகளை அறிந்து, அவை தன் நூலில் புகாமல் காக்க வேண்டும். இறுதியில் கூறிய தகுதி, குறை கூறுவோரின் சொல்லுக்குச் செவி சாய்க்கும் தகுதியன்றோ? மொழியறிவு அவனுக்குத் தொடக்கப் படி; கலைத் திறமே அவன் ஏறி நிற்கும் தளம். அந்த அரங்கின் அளவையும் அடிகள் சொல்லியிருக்கிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மேடைப் பலகையைக்கூட அளந்து வைத்தவர் கவிஞனை அளக்காமல் விடுவாரா? அளந்தபின்பே மாதவிக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தலைக்கோல் பட்டமும் வாய்த்தன. ஆடற்கலைக்குத் தொண்டு புரிந்தாள் என்பதற்காக வாய்த்தனவல்ல. நூல் கூறிய முறை வழுவாமல் ஆடிக் காட்டினாள் என்பதற்காக வாய்த்தவை.

கவிஞனும் இசையாசிரியனும் ஒரே அரங்கில் நின்றனர் எனின், இருவர் கலையும் ஒரே தன்மையனவோ? அல்ல. அவ்வேறுபாட்டைக் காட்டப் பரிபாடலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய அது, பாடுவதற்கென்றே இயற்றப்பட்ட பாக்களைக் கொண்டது. எழுபது பாடல்கள் இருந்தன என்பர். முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இறுதியில் மூன்று செய்திகள் குறிக்கப்பட்டிருக்கின்றன: பாடலை இயற்றிய புலவர் பெயர், அதற்கு இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். நன்னாகனார், கண்ணனாகனார், பெட்டனாகனார் முதலிய இசைவாணர்களின் பெயர்கள் இன்றும் ஏட்டில் உள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களின் பெயர்களும் உள்ளன. ஆனால் நன்னாகனார் வகுத்த இசை எங்கே? பண்ணின் பெயர் இருக்கிறது. பண்ணைப் பாடிய மிடறு இல்லை. புலவர் வைத்த சொல்லோ வைத்த இடத்திலேயே நிற்கிறது. வையை ஆற்றில் புதுப்புனல் வருகிறது; மதுரை மாந்தர் ஓடிச்சென்று நீராடுகின்றனர்; ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நீர் வற்றவில்லை.

இதனால் இலக்கியம் இசையினும் உயர்ந்தது என்று கொள்வது பேதைமை. இசை இழந்த பரிபாடல் ஒரு கை இழந்த பரிபாடலே. இங்கு அறியத்தக்கது வேறு. கல்லுடைந்தால் சிற்பம் இல்லை. மிடறு ஓய்ந்தால், கேட்டுக் கற்ற மாணாக்கன் இல்லையேல், இசை இல்லை. இலக்கியமோ எழுதிய ஏட்டிலும் இல்லை. அச்சிட்ட தாளிலும் இல்லை. ஏடு ஒன்று செல்லரித்தாலும் மற்றோர் ஏட்டில் அதே நூல் முழுமையாக உண்டு. உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். எந்த ஓர் ஏடும் சிலப்பதிகாரம் அன்று. எல்லா ஏடுகளும் சுட்டி நின்ற சொல்லடுக்கே சிலப்பதிகாரம். சொல்லின் அடுக்கே நூலின் உயிர் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த முடியுமா? ஓர் எழுத்து மாறினாலும் அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் அதுவே. வளையாபதி என்னும் காப்பியம் இன்று சில செய்யுட்களாகவே எஞ்சியுள்ளது. அதன் கதைப்போக்கு இதுவென்று செவிவழியாகச் சில கூறப்பட்டாலும், காப்பியம் கிடைத்துவிட்டது என்று யாரும் மகிழ்வதில்லை. கதை கிடைத்தால் போதாது. சொல் கிடைக்க வேண்டும்.

இவ்வுண்மையை ஒப்புக்கொள்வோர், வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதனை மறந்துவிடுவது ஏன்? இலக்கியத்தை மொழித்தொண்டாகக் காண்போர்க்கு உடன்பிறந்தார் ஒருவர் உண்டு. அவர் இலக்கியத்தைக் கருத்துப் பெட்டியாகக் காண்பவர். தொடக்கப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கப்படுகின்றன. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் தனிப்பாடமாக உள்ளது. கவிதையும் நாவலும் நாடகமும் அதில் இடம்பெறுகின்றன. இவ்வாய்ப்பு பல நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் செய்யுளைப் பிள்ளைகள் எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? முதலில் மனனம், அடுத்துப் பொருள், அதன்பின் படிப்பினை. படிப்பினையை எழுதியபின் செய்யுள் தேவையற்றதாகிவிடுகிறது. தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டை எறிவதுபோல், கருத்தை எடுத்துக்கொண்டு சொல்லை எறிந்துவிடுகின்றனர். தேர்வுக்கு விடை எழுத வேண்டிய ஆசிரியரையும் மாணவரையும் இதற்காகக் கடிந்து பயனில்லை. மதிப்பெண் எங்கு வைக்கப்பட்டிருக்கிறதோ அங்குத்தான் கண் செல்லும். பழி கேள்வி அமைப்போரைச் சாரும்.

கருத்தே இலக்கியம் என்போர் ஒரு கணக்கிற்கு விடை தரட்டும். சிலப்பதிகாரம் உணர்த்தும் உண்மைகள் மூன்று என்று அதன் பதிகமே கூறுகிறது. அரசு தவறினால் அறமே எமனாகும். கற்புடையாளைப் பெரியோர் போற்றுவர். முன்வினை வந்து சேரும். மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது. அவ்வாறாயின் 30 காதைகள் எதற்கு? மூன்று வாக்கியங்களுக்காகப் புகாரிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து வஞ்சிக்கும் படிப்போரை நடத்திச் செல்ல வேண்டுமா?

கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்க. ஆயர்பாடியில் மாதரி தந்த காய்கறிகளைக் கண்ணகி நறுக்குகிறாள். செல்வ மனையில் பிறந்தவள், மெல்லிய விரல்கள் சிவக்கின்றன, அடுப்புப் புகையில் கண்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது. கோவலன் பனையோலைத் தடுக்கில் அமர்கிறான். அவள் அவன் அடிகளை நீர் விட்டுக் கழுவுகிறாள். தரையில் நீர் தெளிக்கிறாள். வாழையின் குருத்திலையை விரித்து உணவு படைக்கிறாள். உண்டபின் வெற்றிலை பாக்குத் தருகிறாள். அதன்பின் அவன் தன் பிழைகளை நினைத்து வருந்துகிறான்; சிலம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். எதிரே ஒரு காளை வருகிறது. அது தீநிமித்தம் என்பதை ஆயர் குலத்தார் அறிவர். வணிகர் குலத்தானாகிய அவன் அறியான். நடந்து போகிறான்.

இப்பகுதியின் படிப்பினை யாது? கணவனுக்கு உணவிட வேண்டும் என்பதா? காளையைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்பதா? படிப்பினை எதுவும் இல்லை. ஆயினும் அந்த வாழையிலையை மறந்தவர் எவருமில்லை. தாம்பத்தியம் என்ற சொல்லுக்கு ஆயிரம் விளக்கம் எழுதலாம். அவ்விளக்கங்கள் யாவும் செய்ய இயலாததை அந்த ஒரு வேளை உணவு செய்துவிடுகிறது. பின்னால் வழக்குரை காதையில் பாண்டியன் அவையில் சிலம்பு உடைகிறபோது, முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிக்கிறபோது, படிப்பவர் நெஞ்சில் எரிவது நீதி பற்றிய கருத்தன்று. அந்த இலையில் உண்டவன் இல்லையே என்பதுதான். இலக்கியம் உண்மையைச் சொல்வதில்லை. உண்மை நிகழும்படி செய்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்து, நகையும் அழுகையும் இளிவரலும் மருட்கையும் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் உவகையும் என எண்ணி வைத்தார். கருத்து எத்தனை என்று அவர் எண்ணவில்லை. செய்யுளின் உறுப்புகள் 34 என்று எண்ணினார்; மெய்ப்பாடும் அவற்றுள் ஒன்று. உணர்வையே செய்யுளின் உறுப்பாக வைத்தவரின் வழிவந்தோர், செய்யுளைக் கருத்தின் உறையாகக் கருதுவது விந்தையே.

இனி, எதிர்முனையில் நிற்போரையும் விட்டுவிடுதற்கில்லை. கருத்தே வேண்டா, வடிவமே கலை, சொல்லின் ஒலியழகே கவிதை என்போர் அவர்கள். பேட்டரின் கூற்றை இவர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவர். அவர்கள் மறப்பது ஒன்றுண்டு. ஸ என்ற சுரத்துக்குப் பொருள் இல்லை. சிவப்பு என்ற வண்ணத்துக்கு வரலாறு இல்லை. சொல்லுக்கு இரண்டும் உண்டு. எழுத்தாளன் கையில் வரும் மூலப்பொருள், அவன் தொடுவதற்கு முன்பே பிறர் வாழ்ந்து தேய்த்த பொருள்.

மலேசியத் தமிழில் 'மரவள்ளிக்கிழங்கு' என்ற சொல்லை நோக்குக. தமிழ்நாட்டில் அது ஒரு கிழங்கின் பெயர். மலேசியத் தமிழரிடையே, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியைக் கடந்து வந்த தலைமுறைக்கு, அது ஒரு காலத்தின் பெயர். அரிசி மறைந்து, கிழங்கே மூன்று வேளை உணவாகிய காலம். சா. ஆ. அன்பானந்தன் தம் நாவலுக்கு அச்சொல்லையே தலைப்பாக வைத்தார். பசி, அச்சம், இழவு ஆகியவற்றை விளக்கும் அடைமொழி ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. 'சயாம்' என்ற சொல்லும் அத்தகையதே. ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இருப்புப்பாதை 1942-இல் தொடங்கி 1943-இல் முடிக்கப்பட்டது என்று வரலாற்று நூல் கூறும். தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றியும் அது கூறும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் வேறொன்றைச் செய்ய முயன்றன. 'சயாமுக்குப் போனார்' என்று பாட்டிமார் தாழ்ந்த குரலில் சொல்லி நிறுத்தும் வாக்கியத்தின் மறுபாதியை அவை எழுத முயன்றன. பெரட்டுக்களம், லயம், கித்தா மரம், பால்வெட்டு, மங்கு என்று தோட்டத்தில் புழங்கிய சொற்கள் யாவும் இவ்வாறே உழைப்பின் வியர்வை ஊறியவை. அவற்றை வெற்றொலியாக எடுத்தாள்வது இயலாது. எடுத்தாண்டால் அது பொய்.

ஆகவே இலக்கியக் கலையின் தனித்தன்மை அதன் மூலப்பொருளிலேயே தொடங்குகிறது. பொருளும் வரலாறும் ஏற்கெனவே ஊறிய ஒன்றை எடுத்து, ஓவியனும் சிற்பியும் காட்டும் அதே கண்டிப்புடன் அடுக்க வேண்டிய கலை அது. கருத்தை மட்டும் பற்றுவோர் கண்டிப்பை விட்டுவிடுகின்றனர். வடிவத்தை மட்டும் பற்றுவோர் ஊறியிருப்பதைப் பிழிந்து எறிந்துவிடுகின்றனர். தொண்டை மட்டும் பற்றுவோரோ இரண்டையும் பாராமல் மாலையுடன் நிற்கின்றனர்.

மூலப்பொருளைக் கொண்டு படைப்பை அளக்கும் இப்பிழை தமிழரிடம் மட்டும் உள்ளதன்று. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின், மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் என்ற வரையறை நிலைபெற்றது. ஏனைய மொழிகளில் எழுதப்படுபவை அவ்வவ்வினத்தாரின் இலக்கியம் என்ற வட்டத்துக்குள் வைக்கப்பட்டன. 1981 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய இலக்கியவாதி விருது மலாய்மொழிப் படைப்புகளுக்கே உரியது. மலேசிய மண்ணின் ஓவியன் எந்த இனத்தவனாயினும் அவன் ஓவியம் மலேசிய ஓவியமே. அவன் எந்த வீட்டு மொழியில் சிந்தித்து வரைந்தான் என்று எவரும் கேட்பதில்லை. எழுத்தாளனிடம் மட்டும் முதற்கேள்வியே மொழி பற்றியது. கெடா மாநிலத்து ரப்பர்க் காட்டைப் பற்றித் தமிழில் எழுதிய கதை மலேசியக் கதை அன்று என்றால், அக்காடு எந்த நாட்டில் இருக்கிறது? சிங்கப்பூரில் 1979 முதல் வழங்கப்படும் கலாசாரப் பதக்கம் ஆடலுக்கும் இசைக்கும் ஓவியத்திற்கும் இலக்கியத்திற்கும் ஒன்றாகவே வழங்கப்படுகிறது. நான்கு மொழி எழுத்தாளரும் அதற்கு உரியவர். தமிழ் எழுத்தாளர் மா. இளங்கண்ணன் 2005-இல் அதனைப் பெற்றார். ஆகவே வேறு முறையில் எண்ணுதல் இயலாத செயலன்று.

இவ்வரையறையை எதிர்த்து மலேசியத் தமிழர் குரல் எழுப்புவது நியாயமே. ஆனால் எழுப்பும் குரலைச் சற்றே செவிமடுக்க வேண்டும். 'இது தேசியமொழியில் இல்லை. ஆகவே சிறப்பிலிருந்து விலக்குக' என்கிறது ஒரு தரப்பு. 'இது தமிழில் இருக்கிறது. ஆகவே சிறப்புச் செய்க' என்கிறது மற்றொரு தரப்பு. இரு தரப்பும் நூலைத் திறக்கவில்லை. சிலையைப் பாராமல், களிமண்ணா வெண்கலமா என்று தட்டிப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் இருவரும். முதல் தீர்ப்பு அநீதி என்றால், இரண்டாம் தீர்ப்பு அந்த அநீதிக்குத் துணைபோவது. தமிழ்க் கதைகளை அவற்றின் கலைத்தகுதி காட்டி, மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து முன்வைத்து, 'இதற்கு என்ன மறுமொழி?' என்று கேட்பதே வலிமையான வழக்கு. அவ்வாறு கேட்க வேண்டுமானால், எவற்றை முன்வைப்பது என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுப்பதற்குக் குறையும் நிறையும் பேச வேண்டும்.

அங்கேதான் தொண்டு என்ற சொல் குறுக்கே நிற்கிறது. தொண்டனைக் குறை கூறுதல் பண்பாடன்று. கோயிலில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவரிடம் நீர் சூடாக இருக்கிறது என்று யாரேனும் சொல்வாரா? ஆகவே நூல் வெளியீட்டில் எல்லா நூல்களும் சிறந்த நூல்கள்; எல்லாக் கவிஞரும் பெருங்கவிஞர். ஒருவர் எழுந்து, கதையின் முடிவு கதையோடு ஒட்டவில்லை என்றால், 'தமிழில் எழுதுவதே அரிதாகிவிட்ட நாட்டில் இப்படியுமா பேசுவது?' என்று நாற்புறமும் முகம் சுளிப்பர். இதே மக்கள்தாம் தம் மகளைப் பரதநாட்டியம் பயில அனுப்புகின்றனர். அரைமண்டியில் முழங்கால் சரியாக வளையவில்லையென்று ஆசிரியை நூறு முறை திரும்பச் செய்யும்போது, அவர் ஆடற்கலைக்குத் துரோகம் செய்கிறார் என்று அவர்கள் முறையிடுவதில்லை. மிருதங்க ஆசிரியர் தாளம் தப்பிய மாணவனைத் தாளம் தப்பினான் என்றே சொல்கிறார். அதற்காகத்தான் அவருக்கு மாதந்தோறும் கட்டணமும் விசயதசமியில் தட்சிணையும் தருகின்றனர். ஆண்டுகள் பல பயின்றபின்பே அரங்கேற்றம். எழுதுவோர்க்கு மட்டும் அரங்கேற்றம் முதலில். பயிற்சி பின்னர், அதுவும் விருப்பமிருந்தால்.

சிறுபான்மைச் சமூகம், சிறு வாசகர் கூட்டம். இங்குக் கண்டிப்புக் காட்டினால் எழுதுவோரும் எழுதாமல் நின்றுவிடுவர் என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. அது அக்கறையுள்ள மறுமொழி. ஆயினும் வரலாறு அதற்கு மாறாக நிற்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மலாயாவின் தமிழ் வாசகர் கூட்டம் இன்னும் சிறியது. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போதுதான் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் கதை வகுப்பு நடத்தினர். தமிழுக்கு வாருங்கள், தொண்டு செய்யுங்கள் என்று அழைப்பதுடன் அவர்கள் நின்றுவிடவில்லை. கதை எழுதுவது ஒரு பயிற்சி, அதற்கு முறை உண்டு என்று வகுப்பு வைத்தனர். எழுத்தாளர்கள் ஓடிவிடவில்லை, அவ்வகுப்பிலிருந்து ஒரு தலைமுறையே எழுந்து வந்தது. அந்நாளிதழ் 2019-இல் நின்றுபோயிற்று. வகுப்பு அதற்கு வெகு காலம் முன்பே நின்றுவிட்டது.

இன்று சிறுகதைப் போட்டிகளுக்குக் குறைவில்லை. அமைப்புகளும் நாளிதழ்களும் பல்கலைக்கழக மாணவரும் நடத்துகின்றனர். பரிசுத் தொகையும் வளர்ந்திருக்கிறது. பரிசு பெற்ற கதைகளைத் தொகுத்து நூலாக்கும் நல்ல வழக்கமும் உண்டு. அத்தொகுப்புகளின் முன்னுரைகளில் கலந்துகொண்டோர் தொகை, ஆதரவளித்தோர் பெயர், தமிழ் வாழ வேண்டியதன் தேவை எல்லாம் விரிவாக உள்ளன. முதற்பரிசுக் கதை ஏன் முதற்பரிசுக் கதை, மூன்றாம் பரிசுக் கதையில் எந்த இடத்தில் சொல் வழுக்கியது, பரிசு பெறாத கதைகள் எதனால் தவறின என்று நடுவர் எழுதிய இரண்டு பக்கங்கள்தாம் பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. நடுவர்கள் அறியாதவர்கள் அல்லர்; தேநீர் இடைவேளையில் அவர்களே இவற்றையெல்லாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். அதனைத் தாளில் எழுதி, அடுத்த தொகுப்பின் முதற்பக்கத்தில், வாழ்த்துரைகளுக்கு முன்பாக அச்சிடுவதற்குப் பொருட்செலவு அதிகமில்லை. எழுதியவர் ஒரு வாரம் வருந்தக்கூடும். அதன்பின் கதையை எடுத்து மறுபடியும் படித்துப் பார்ப்பார்.